கூடத்துக்குள் பறக்கும் ரப்பர் விமானம்: புரொப்பெல்லரைத் தேர்ந்தெடுப்பதும் திருத்துவதும்

ஆடி மாதத்தில் கடலூரில் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். மார்கழியிலும் அப்படித்தான். முறுக்கிய ரப்பர் அவிழும் விசையில் புரொப்பெல்லர் சுற்றிப் பறக்கும் சின்ன விமானம் விடுகிற எங்களைப் போன்ற நாலு பேருக்கு அந்த இரண்டு மாதங்கள்தான் முகூர்த்தம். மஞ்சக்குப்பத்தில் ஒரு மண்டபத்தின் வாட்ச்மேனைப் பழக்கம் பிடித்து, காலை ஆறு மணிக்கு உள்ளே போய்விடுவோம். வெளியில் விட முடியாது. முழு எடையே 8 கிராம் இருக்கும் ஒரு பொருளை சில்வர் பீச் பக்கம் கையை விட்டு எடுத்தால், அது கடலுக்குப் போகுமா கெடிலத்துக்குப் போகுமா என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும்.

இந்த ஆட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் இறக்கையில்தான் நேரத்தைக் கொட்டுகிறார்கள். விலா எலும்பு, காகிதம், ஒட்டு எல்லாம் அழகாக இருக்கும். புரொப்பெல்லரை மட்டும் ஏதோ பொம்மையிலிருந்து கழற்றி மாட்டிவிடுவார்கள். விமானம் இருபது வினாடியில் தரைக்கு வரும். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் கழித்தேன். புரொப்பெல்லர் தனியாக நல்லது, கெட்டது என்று எதுவும் இல்லை. அதற்கு வாய்த்த ரப்பரோடு சேர்த்துத்தான் அதை எடைபோட முடியும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஜோடிப் பொருத்தத்தைப் பற்றித்தான்.

எவ்வளவு பெரியது வேண்டும்

ரப்பரில் நாம் சேர்த்து வைக்கும் சக்தி ரொம்பக் கொஞ்சம். அதை மெதுவாகச் செலவழிக்க வேண்டும். சின்ன புரொப்பெல்லர் கொஞ்சம் காற்றை வேகமாகப் பின்னால் தள்ளும். பெரியது நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளும். இரண்டாவதில்தான் சக்தி குறைவாக வீணாகும். உலகப் போட்டிகளில் பறக்கும் எஃப்1டி வகை விமானத்தின் இறக்கை அதிகபட்சம் 55 சென்டிமீட்டர். அதன் புரொப்பெல்லர் கிட்டத்தட்ட 45 சென்டிமீட்டர் வரை இருக்கும், சுழல்வது ஏறக்குறைய வினாடிக்கு ஒரு சுற்று. அமெரிக்காவில் பிரபலமான லிமிடெட் பென்னி பிளேன் வகையில் விமானம் குறைந்தது 3.1 கிராம் இருக்க வேண்டும். ஒரு பழைய செம்பு பென்னியின் எடை அது, பெயரும் அதனால்தான். அதில் இறக்கை 18 அங்குலம், புரொப்பெல்லர் 12 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அதாவது மூன்றில் இரண்டு பங்கு.

நீங்கள் அங்கே இப்போதே போக வேண்டாம். இறக்கை 45 செ.மீ., ரப்பர் இல்லாமல் 6 கிராம் என்று ஒரு எளிய விமானம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு 24 செ.மீ. புரொப்பெல்லர், அதாவது இறக்கை நீளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. கடைசி வரை இதையே உதாரணமாக வைத்துப் பேசுகிறேன்.

ஒரு எச்சரிக்கை. விட்டத்தோடு விளையாடும்போது சின்ன மாற்றம்கூடப் பெரிதாகத் தெரியும். ஒரே சுழற்சி வேகத்தில், புரொப்பெல்லரைச் சுற்றத் தேவைப்படும் முறுக்கு விசை விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். 24 செ.மீ. புரொப்பெல்லரின் இரு நுனியிலும் ஒரு செ.மீ. நறுக்கினால் சுமை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். அதனால் கத்தரிக்கோலைக் கடைசியில் எடுங்கள். முதலில் திருத்த வேண்டியது பிட்ச்.

பிட்ச்: ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம்

சின்ன வயதில் பனை ஓலையைக் கிழித்து, நடுவில் கருவேல முள்ளைக் குத்திக் காற்றாடி செய்து ஓடியிருப்பீர்கள். ஓலையை முறுக்கி வைக்காவிட்டால் அது சுற்றாது என்பது அப்போதே தெரியும். அங்கே காற்று ஓலையைச் சுற்றுகிறது, இங்கே ரப்பர், பிளேடை (புரொப்பெல்லரின் இதழை) சுற்றிக் காற்றைத் தள்ளுகிறது. முறுக்கின் கணக்கு ஒன்றுதான்.

மரத்துக்குள் ஸ்க்ரூ இறங்குவதுபோல, புரொப்பெல்லர் காற்றில் வழுக்காமல் போனால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னேறுமோ அதுதான் பிட்ச். நம் அளவு விமானத்துக்கு விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கில் தொடங்கலாம். 24 செ.மீ. விட்டத்துக்கு 36 செ.மீ. பிட்ச். போட்டி விமானங்கள் இதைவிட மேலே போகும்.

இதனால் என்ன கிடைக்கிறது? ரப்பரில் 1000 சுற்று ஏற்றினால், வழுக்கலே இல்லாமல் 360 மீட்டர் போக வேண்டும். நிஜத்தில் கால் பங்கு வழுக்கும் என்று வைத்தால் 270 மீட்டர். ரப்பரோடு 8 கிராம் எடையுள்ள இந்த விமானம் வினாடிக்கு ஏறத்தாழ 1.8 மீட்டரில் பறக்கும். வகுத்தால் 150 வினாடி, இரண்டரை நிமிடம். பிட்சைக் கூட்டினால் சுற்று மெதுவாகச் செலவாகும், நேரம் நீளும். அப்படியானால் இன்னும் கூட்டிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். கூடாது. ஒரு அளவுக்கு மேல் போனால் பிளேடு காற்றைக் கடிக்காமல் வெறுமனே கலக்கும். சாய்வு மிஞ்சினால் இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது (ஸ்டால் ஆவது) போலவே பிளேடும் ஸ்டால் ஆகும்.

பிட்ச் 36 செ.மீ. என்றால் பிளேடு எல்லா இடத்திலும் ஒரே சாய்வில் இருக்காது. மையத்திலிருந்து 4 செ.மீ. தூரத்தில் 55 டிகிரி, 8 செ.மீ.யில் 36 டிகிரி, 12 செ.மீ. நுனியில் 25 டிகிரி. மையத்துக்கு அருகே நிமிர்ந்தும் நுனியில் படுத்தும் இருக்க வேண்டும். கணக்கு வேண்டுவோருக்கு: பிட்சை, அந்தந்த ஆரத்தின் வட்டச் சுற்றளவால் வகுத்தால் வருவது சாய்வின் டேன்ஜென்ட்.

பிளேடு செய்வது

மேலே சொன்னபடி 4 செ.மீ.யிலிருந்து நுனி வரை 30 டிகிரி முறுக்கு வேண்டும். அதைக் கையால் செதுக்க வேண்டாம். வளைந்த டப்பாவின்மேல் பிளேடைச் சாய்வாக வைத்தாலே முறுக்கு தானாக வந்துவிடும். 8 செ.மீ. விட்டமுள்ள டப்பாவில், நிற்கும் கோட்டிலிருந்து பிளேடின் நடுக்கோட்டை 15 டிகிரி சாய்த்து வரைந்தால் 8 செ.மீ. நீளத்துக்குள் ஏறத்தாழ 29 டிகிரி முறுக்கு கிடைக்கும். டப்பா 11 செ.மீ. விட்டம் என்றால் 22 டிகிரி சாய்க்க வேண்டும். எனக்குப் பிடித்தது இரண்டாவது. சின்ன டப்பாவில் பிளேடு குறுக்கேயும் அதிகமாக வளைந்து கரண்டி மாதிரி ஆகிவிடுகிறது.

முதல் புரொப்பெல்லருக்குத் தயிர் டப்பாவை வெட்டுங்கள். கனம்தான், ஆனால் சுவரில் மோதினாலும் உடையாது. பழகுகிறவர்களுக்கு அது போதும். 8 செ.மீ. நீளம், அகலமான இடத்தில் 3 செ.மீ., நுனி உருண்டை. முதலில் ஒரு காகித வார்ப்பு வெட்டி, அதே வார்ப்பை வைத்து இரண்டு பிளேடும் வரையுங்கள். இரண்டும் ஒரே பக்கம் சாய வேண்டும். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. என் முதல் புரொப்பெல்லரில் அழகுக்காக ஒன்றை இடமும் ஒன்றை வலமும் சாய்த்து வரைந்தேன், வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரி. முறுக்கிவிட்டால் விமானம் அசையவில்லை, உதறியது. அக்கா மகன் கையை முன்னும் பின்னும் வைத்துப் பார்த்துவிட்டு, “மாமா, ஒரு பக்கம் காத்து முன்னால வருது, இன்னொரு பக்கம் பின்னால போவுது” என்றான். ஒன்பது வயது.

எந்தப் பக்கம் சாய்ப்பது என்று குழப்பமாக இருந்தால் ஒரு துண்டு வெட்டிப் பாருங்கள். விமானத்துக்குப் பின்னால் நின்று பார்த்தால் புரொப்பெல்லர் கடிகாரச் சுற்றில் சுழல வேண்டும், குழிவான பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும், நுனி படுத்திருக்க வேண்டும். நுனி நிமிர்ந்து அடி படுத்திருந்தால் சாய்வு தலைகீழ்.

கை பழகியபின் மிக இலேசான பால்சா மரத்துக்கு வரலாம். ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய தகடு, நார் பிளேடின் நீளவாக்கில் ஓட வேண்டும். வெந்நீரில் கால் மணி நேரம் ஊறப்போட்டு, டப்பாவின்மேல் அதே சாய்வில் வைத்து, மருந்துக்கடைப் பேண்டேஜ் துணியால் இறுக்கிச் சுற்றிவிடுங்கள். வெளிநாட்டில் இதை ஓவனில் வைத்துக் காயவைப்பார்கள். நமக்குக் கடலூர் வெயில் இருக்கிறது, மொட்டை மாடியில் ஒரு பகல் போதும். துணியை அவசரப்பட்டுப் பிரித்தால் முறுக்கு நிற்காது.

நடுக்கட்டும் அளவு அட்டையும்

புரொப்பெல்லரைத் திருத்த வேண்டும் என்றால் பிளேடு அசைய வேண்டும். ஒட்டி மூடிவிட்ட புரொப்பெல்லரில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. காலியான பால்பாயிண்ட் ரீஃபிலில் 3 செ.மீ. வெட்டிக் கழுவுங்கள். நடுவில் ஊசியால் துளையிட்டு, மெல்லிய எஃகுக் கம்பியை (கிட்டார் கம்பி நன்றாக வரும்) குறுக்கே செலுத்தி, முன்பக்கம் வளைத்து ஒட்டுங்கள். அதுதான் அச்சு. பின்பக்கம் ரப்பர் மாட்டும் கொக்கி. ஊதுபத்தியின் மூங்கில் குச்சியைச் சீவி ஒவ்வொரு பிளேடின் அடியிலும் ஒட்டி, ரீஃபிலின் இரு வாயிலும் இறுக்கமாகச் செருகுங்கள். திருகினால் திரும்ப வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். தளர்ந்தால் ஒரு துளி ஃபெவிக்கால். ஈரம் தொட்டால் மறுபடி இளகும்.

அச்சுக்கும் விமானத்தின் மூக்குக்கும் நடுவே ஒரு வழவழப்பான கண்ணாடிப் பாசிமணி போடுங்கள். சேலை வேலைப்பாட்டுக்கு விற்கும் சின்ன மணியே போதும். இது இல்லாமல் உராய்வில் போகிற சக்தி கொஞ்சநஞ்சம் அல்ல.

இனி அளவு அட்டை. கோணமானி தேவையில்லை. தடித்த அட்டையில் அடி 5 செ.மீ., உயரம் 3.6 செ.மீ. உள்ள செங்கோண முக்கோணம் வெட்டினால் அதன் சாய்வு 36 டிகிரி. ஒரு பலகையில் துளையிட்டு, புரொப்பெல்லர் படுத்திருக்கும்படி அச்சைச் செங்குத்தாக நிறுத்துங்கள். மையத்திலிருந்து 8 செ.மீ.யில் ஒரு கோடு போட்டு, அங்கே முக்கோணத்தை நிறுத்தி, பிளேடு அதன் சாய்வில் படியும்வரை குச்சியைத் திருகுங்கள். அடுத்த பிளேடும் அதே இடத்தில், அதே முக்கோணத்தில். கூடவே உயரம் 3.4 உள்ள ஒன்றும் (34 டிகிரி), 3.9 உள்ள ஒன்றும் (38 டிகிரி) வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பறக்கவிடும் நாளில் இந்த மூன்று அட்டையும் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

அப்புறம் சமன். இரண்டு டம்ளர் விளிம்பில் அச்சை வைத்து விடுங்கள். கனமான பிளேடு கீழே போகும், அதன் நுனியை உப்புத்தாளில் தேய்த்துக் குறையுங்கள். இலேசான பக்கம் எதையாவது ஒட்டிக் கனம் ஏற்றுவது சுலபம்தான், ஆனால் ஏறிய எடையைப் பறக்கும் ஒவ்வொரு வினாடியும் சுமக்க வேண்டும். கையால் மெதுவாகச் சுற்றி, இரண்டு நுனியும் ஒரே தளத்தில் போகிறதா என்றும் பாருங்கள்.

ரப்பர்: ஜோடியின் மறுபாதி

கடையில் விற்கும் ரப்பர் பேண்டைச் சங்கிலியாகக் கோத்து ஆரம்பிக்கலாம். ஆனால் அதில் அளவெடுத்து எதையும் சொல்ல முடியாது, ஒவ்வொரு முடிச்சும் ஒரு பொய் சொல்லும். டான் சூப்பர் ஸ்போர்ட் என்கிற பட்டை ரப்பர்தான் இந்த உலகத்தில் பெரும்பாலோர் பயன்படுத்துவது. நம் விமானத்துக்கு 2.4 மி.மீ. அகலப் பட்டையில், 40 செ.மீ. நீளமுள்ள ஒரு வளையம் நல்ல தொடக்கம். சைக்கிள் டியூபைக் கிழித்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இன்றைய டியூப் பெரும்பாலும் பியூட்டைல். இழுத்தால் நீளும், ஆனால் வாங்கிய சக்தியைத் திருப்பித் தராது.

சிலிகான் எண்ணெய் தடவுங்கள், கிடைக்காவிட்டால் கிளிசரினில் மென்சோப்பு கலந்தது. தேங்காய் எண்ணெய் வேண்டாம், ரப்பர் ஊறிக் கெட்டுவிடும்.

முறுக்கும்போது ஒருவர் விமானத்தைப் பிடிக்க, மற்றவர் கொக்கி மாட்டிய கை டிரில்லால் ரப்பரை அதன் நீளத்தைப் போல நாலு மடங்கு இழுத்துக்கொண்டு சுற்ற வேண்டும். பாதி சுற்று ஏறியதும் மெதுவாக உள்ளே நடந்து வாருங்கள். கைப்பிடி ஒரு சுற்றுக்கு டிரில் எத்தனை சுற்றுகிறது என்று முன்பே எண்ணி வைத்திருக்க வேண்டும்.

ரப்பரின் தடிமனை மாற்றினால் என்ன ஆகும்? குறுக்குவெட்டுப் பரப்பை இரண்டு மடங்காக்கினால் முறுக்கு விசை ஏறத்தாழ 2.8 மடங்காகும், ஆனால் ஏற்றக்கூடிய சுற்று 30 சதவிகிதம் குறையும். தடித்த ரப்பர் பலசாலி, சீக்கிரம் களைத்துவிடும். மெல்லியது நெடுநேரம் நடக்கும், மேடு ஏறாது. முழுசாக முறுக்கிய ரப்பர் முதல் சில வினாடிகளில் வெடிப்பாக இழுக்கும், பிறகு நெடுநேரம் சீராகப் போகும், கடைசியில் தளரும். புரொப்பெல்லர் பொருந்த வேண்டியது அந்த நடுப்பகுதிக்கு.

மிச்சச் சுற்றை எண்ணுவது

பறக்கவிட்டுப் பார்ப்பதற்கு வருவோம். மின்விசிறி, ஏசி எல்லாம் நிறுத்துங்கள். நிறுத்தியபின் கால் மணி நேரம் காத்திருங்கள், காற்று உடனே அடங்காது. விமானம் இடப்பக்கமாக வட்டமிட வேண்டும். புரொப்பெல்லர் கடிகாரச் சுற்றில் போவதால் அதன் எதிர்விசை இடது இறக்கையைக் கீழே அழுத்தும், அதனால் இடது இறக்கையின் முன்விளிம்பைச் சற்றே தூக்கி வைத்திருப்போம். முதலில் 200 சுற்று மட்டும் ஏற்றி, வட்டம் சரியா, தலை தூக்கித் தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால் அச்சை ஓரிரு டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்தால் போதும். இது சரியான பிறகுதான் புரொப்பெல்லரைத் தொட வேண்டும்.

1000 சுற்று ஏற்றி விடுங்கள். வாட்சில் நேரம் பாருங்கள், எவ்வளவு உயரம் போனது என்று பாருங்கள். இறங்கியதும் ஓடிப்போய்ப் புரொப்பெல்லரைக் கையால் பிடியுங்கள். மிச்சமிருக்கும் சுற்றை மெதுவாக விட்டு எண்ணுங்கள். எண்ணாமல் கைதட்டுகிறவர்கள்தான் அதிகம். அந்த எண்ணிக்கையில்தான் எல்லாம் இருக்கிறது.

தரையைத் தொடும்போது 300 சுற்று மிச்சம் என்றால், ரப்பருக்கு இந்தப் புரொப்பெல்லரைச் சுற்றத் தெம்பு போதவில்லை. பிட்சை 34 டிகிரி அட்டைக்கு இறக்குங்கள், அல்லது கொஞ்சம் தடித்த ரப்பர் போடுங்கள். மாறாக, ஆளுயரத்துக்கு மேலேயே சுற்று தீர்ந்து, புரொப்பெல்லர் நின்று, மிதந்து இறங்கினால் சக்தியை அவசரமாகச் செலவழித்துவிட்டது. பிட்சை 38 டிகிரி அட்டைக்கு ஏற்றுங்கள், அல்லது மெல்லிய, நீளமான ரப்பர். தரை தொடும்போது ஐம்பதோ அறுபதோ சுற்று மிஞ்சினால் ஜோடி பொருந்திவிட்டது என்பேன். முழு முறுக்கு இருந்தும் விமானம் ஏறவே இல்லை, புரொப்பெல்லர் சோம்பலாகச் சுற்றுகிறது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் உயிர் வருகிறது என்றால் பிளேடு ஸ்டால் ஆகிறது. பிட்சைக் குறைக்கத் தயங்க வேண்டாம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிட்சும் ரப்பரும் சேர்த்து மாற்றிவிட்டு நேரம் கூடியதென்றால் எதனால் என்று யாரைப் போய்க் கேட்பது? நோட்டில் ஒரு வரி: தேதி, பிட்ச் அட்டை, ரப்பர் அகலம், நீளம், ஏற்றிய சுற்று, உயரம், நேரம், மிச்சம்.

மண்டபத்தில் நம் பெரிய எதிரி கூரை. தொங்கும் விசிறிக் கம்பியில் மாட்டினால் ஏணிதான். விமானம் முதல் வெடிப்பிலேயே கூரையைத் தொடுகிறது என்றால், முழுசாக முறுக்கிவிட்டு விடுவதற்கு முன் 80, 100 சுற்றைப் பின்னால் அவிழ்த்து விடுங்கள். சுற்றில் பத்து சதவிகிதம்தான் போகும், வெடிப்பு பாதியாக அடங்கும். உயரமான கூடத்துக்கு ஆசைப்பட்டால் கால் ரப்பர் முறை இருக்கிறது. ரப்பரின் நீளத்தைக் காலாக்கி, மீதி முக்காலுக்குச் சமமான எடையுள்ள குச்சியை அதன் இடத்தில் வைத்துப் பறக்கவிட்டால் விமானம் கால் பங்கு உயரமே ஏறும். வந்த நேரத்தை நாலால் பெருக்கினால் முழு ரப்பருக்கு என்ன வரும் என்று தெரிந்துவிடும். ஆறு மீட்டர் கூரைக்குக் கீழே நின்று இருபது மீட்டர் கூடத்துக்கான புரொப்பெல்லரைத் திருத்தலாம்.

விமானம் சுவர்ப்பக்கம் ஒதுங்கினால் நூல் கட்டிய கேஸ் பலூனால் இறக்கையை மெல்லத் தொட்டுத் திருப்பிவிடலாம். இதை வெளிநாட்டுப் போட்டிகளிலும் செய்கிறார்கள். எங்களுக்கு பலூன் பீச்சில் கிடைக்கிறது.

தானே பிட்ச் மாற்றும் பிளேடு

சில நாள் விமானம் கூரையையும் தொடும், மிச்சச் சுற்றோடும் இறங்கும். ஆரம்பத்தில் பிட்ச் போதவில்லை, கடைசியில் அதிகம் என்று அர்த்தம். அட்டையை எப்படி மாற்றினாலும் ஒரு பக்கம் இடிக்கும். இதற்குத்தான் வளையும் பிளேடு. பால்சா பிளேடின் அடிக்குச்சியை நடுவில் ஒட்டாமல் பின்விளிம்பை நோக்கித் தள்ளி ஒட்டுங்கள், பிளேடின் பெரும்பகுதி குச்சிக்கு முன்னால் இருக்கட்டும். ரப்பரின் முறுக்கு அதிகமாக இருக்கும்போது காற்றின் விசை முன்பகுதியை முன்னால் தள்ளிக் குச்சியை முறுக்கும், பிட்ச் தானாக ஏறும். ரப்பர் தளரத் தளர பிளேடு பழைய சாய்வுக்கு இறங்கி வரும். குச்சியைப் பின்விளிம்புக்குப் பதிலாக முன்விளிம்பில் ஒட்டினால் நேர்மாறாக நடந்து, வெடிப்பின்போது பிட்ச் குறைந்து விமானம் நேராகக் கூரைக்குப் போகும். எனக்கு இது தெரிந்த விதம் ஏணியோடு சம்பந்தப்பட்டது.

குச்சி எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதற்குச் சூத்திரம் தர முடியாது. உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு ஒரு முறை பறக்கவிட வேண்டும், மறுபடி இரண்டு இழுப்பு. இரு குச்சியும் ஒரே அளவு வளைய வேண்டும். ஒரே சின்ன எடையை இரண்டு பிளேடின் நுனியிலும் மாறி மாறித் தொங்கவிட்டு ஒப்பிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பால்சா பிளேடு ஈரம் குடித்து முறுக்கை இழக்கும். புதுச்சேரியிலும் கடலூரிலும் இது தப்பாது. நான் புரொப்பெல்லர்களை ஒரு பழைய பிஸ்கட் டின்னில், உப்பு ஜாடிக்குப் போடுவதுபோல ஒரு துணி முடிச்சில் வறுத்த அரிசியோடு வைக்கிறேன். ரப்பர் தனி டப்பாவில், வெளிச்சம் படாமல். மண்டபத்துக்குப் போனதும் டின்னைத் திறந்தவுடன் முதல் வேலை, 8 செ.மீ. கோட்டில் அட்டையை வைத்துப் பார்ப்பது. போன மார்கழியில் 36 என்று நம்பி எடுத்த ஒன்று 33 காட்டியது.